அம்மிச்சி கையெழுத்துச் செல்லாதா? ஆசுபத்திரிச் சம்மதத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் 2 மணி இருக்கும். என் பையன் கட்டுத்தரைச் சுவரிலிருந்து குதித்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். அவனுக்கு 9 வயது. நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை செய்கிறோம். ஷிப்மெண்ட் நேரத்தில் வீடு திரும்ப இரவு 11 ஆகிவிடும். அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவன் கவுந்தப்பாடி பக்கம் அவனுடைய அப்புச்சி, அம்மிச்சி, அதாவது என் அப்பா, அம்மா தோட்டத்தில்தான் வளர்கிறான். பள்ளிக்கூட வேனும் அங்கேதான் வரும்.

அம்மாவும் அப்பாவும் பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு விலகியிருக்கிறது, கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்து இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். அம்மா பேனாவை வாங்கப் போனபோது நர்ஸ் தடுத்துவிட்டார். "அப்பா இல்லைன்னா அம்மா போடணுங்க."

"ஏனுங்க, நாலு வருசமா சோறு போட்டு வளக்கறவ நானு. என்ற கையெழுத்து செல்லாதுங்களா?"

போனில் நான் சொன்னதையும் அவர்கள் ஏற்கவில்லை. வீட்டுக்காரர் அன்று சென்னையில் இருந்தார். நான் ஊத்துக்குளி, பெருந்துறை என்று வண்டியை விரட்டி வந்து சேர்ந்தபோது மணி நாலேகால். கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு பையன் மூலையில் உட்கார்ந்திருந்தான், அழுது ஓய்ந்த முகம். மத்தியானம் சோறு சாப்பிட்டிருந்ததால் மயக்கம் கொடுக்க எப்படியும் சில மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது என்று மயக்க டாக்டர் அப்புறம் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்லியிருந்தால், தன் கையெழுத்து செல்லாததால்தான் பேரன் வலியில் துடிக்கிறான் என்று அவர் அத்தனை நேரமும் புழுங்கியிருக்க மாட்டார். நான் வந்த வேகத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். வீட்டில் மூன்று பேருக்கு மூன்று வேறு முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது. பையன் விசயம் ஒன்று, 18 தொடப்போகும் மகள் விசயம் ஒன்று, 72 வயது அப்பா விசயம் ஒன்று. ஒவ்வொன்றிலும் என்னென்ன வழிகள் இருந்தன, நாங்கள் எதை எடுத்தோம், ஏன் என்று சொல்கிறேன்.

சட்டம் பேசும் இரண்டு வயதுகள்

"இந்த வயதிலிருந்து நீயே உன் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லலாம்" என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. பல சட்டங்களிலிருந்து ஒட்டுப்போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

1875ஆம் வருசத்து மேஜர் வயதுச் சட்டப்படி 18 முடிந்தால் மேஜர். 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டப்படி மேஜரும் தெளிவான மனநிலையில் இருப்பவரும்தான் ஒப்பந்தம் செய்ய முடியும். ஆசுபத்திரியில் சேருவதும் ஒருவகை ஒப்பந்தம்தான் என்பதால் அங்கே 18 என்ற எண் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு எண் 12. இது குற்றவியல் சட்டத்திலிருந்து வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87 முதல் 92 வரையிலான பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25 முதல் 30 வரை இருக்கின்றன. 12 வயதுக்குட்பட்ட குழந்தை "சரி" என்று சொன்னாலும் அது சம்மதமாகாது என்கிறது 28ஆம் பிரிவு. அப்படியானால் 12க்கும் 18க்கும் இடையில் இருப்பவர்கள்? இங்கேதான் சட்டம் மங்கலாகிறது. நோயாளியின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அவர் சம்மதத்தோடு செய்யும் சிகிச்சையைக் காக்கும் 26ஆம் பிரிவில் வயதே குறிப்பிடப்படவில்லை. அதனால் 14 வயதுப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் தொண்டையைப் பார்க்கவும் அந்தப் பிள்ளையின் சம்மதமே போதும் என்பதுதான் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தரும் பாடம். ஆனால் கத்தி, மயக்க மருந்து என்று வந்துவிட்டால் எந்த ஆசுபத்திரியும் 18க்குக் கீழே இறங்காது. நஷ்டஈட்டு வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

சரி, 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்காக யார் சம்மதம் சொல்லலாம்? நான் தேடியதில் எனக்குப் பிடித்த வரி இதுதான். 27ஆம் பிரிவு பெற்றோர் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. காப்பாளர் "அல்லது சட்டப்படி குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவர்" என்கிறது. 1860இல் எழுதப்பட்ட அந்தப் பிரிவில் ஓர் உதாரணமும் உண்டு: குழந்தையின் நன்மைக்காக, குழந்தை சம்மதிக்காவிட்டாலும், தகப்பன் அதற்குக் கல்லடைப்பு ஆபரேசன் செய்யவைக்கிறான், அது குற்றமில்லை. 165 வருசத்துக்கு முந்தைய அந்தச் சிறுநீர்ப்பைக் கல்தான் இன்றும் நம் ஆசுபத்திரிக் கவுன்டரில் கிடக்கிறது.

அம்மிச்சிக்கு அந்தச் "சட்டப்படியான பொறுப்பு" இருந்ததா? நான் இருந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டூட்டி பார்க்கும் நர்ஸுக்கு அதைக் காட்ட அம்மாவின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த நர்ஸ்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. போனில் நான் பேசியதை ஒரு டாக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது.

தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு

கொங்குப் பக்கம் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. திருப்பூர், கோவைக்கு வேலைக்குப் போன பெற்றோர்களின் பிள்ளைகள் தோட்டத்தில் வளர்வதும், நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படிப்பதும் இங்கே சர்வசாதாரணம். எங்களுக்கு மூன்று வழிகள் தெரிந்தன.

முதலாவது, எதுவும் செய்யாமல் போனை நம்புவது. உயிருக்கு ஆபத்து என்றால் இதுவே போதும், போன்கூட வேண்டாம். காப்பாளரிடம் கேட்க நேரமில்லாத நிலையில் நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யும் டாக்டரை 30ஆம் பிரிவு காக்கிறது. அவசர சிகிச்சைக்கு எந்தச் சம்பிரதாயமும் தடையாகக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அப்பா, அம்மா வந்து சேர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்து இல்லாத ஆனால் தள்ளிப்போடவும் முடியாத காரியங்களில்தான் போன் நம்மைக் கைவிடுகிறது. கை ஒடிவது, நெற்றி கிழிந்து தையல் போடுவது, நாய் கடித்துக் காயம் ஆழமாக இருப்பது எல்லாம் அந்த ரகம். சில இடங்களில் வீடியோ காலில் கேட்டு, இரண்டு ஊழியர்கள் சாட்சியாகக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதிக்கொள்கிறார்கள். சில இடங்களில் மாட்டேன் என்கிறார்கள். எந்த ஊரில் எந்த நாளில் எந்த டாக்டர் இருப்பார் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, முறையாகக் கோர்ட்டில் காப்பாளர் ஆக்குவது. 1890ஆம் வருசத்துக் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவோ அம்மாவோ உயிரோடும் தகுதியோடும் இருக்கும்போது வேறொருவரைக் காப்பாளராகப் போட கோர்ட் தயங்கும், வக்கீல் செலவும் வாய்தாவும் தனி. பெற்றோரை இழந்த பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி, தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது கொசுவுக்குக் கோடாலி.

மூன்றாவது, நாங்கள் எடுத்தது: ஒரு அதிகாரக் கடிதம். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதினோம். எங்கள் மகன் இன்னாருடைய பராமரிப்பில் இந்த முகவரியில் இருக்கிறான், நாங்கள் பக்கத்தில் இல்லாதபோது பரிசோதனை, தடுப்பூசி, எலும்புக் கட்டு, தையல், அதற்கான மயக்கம், ஆசுபத்திரியில் சேர்ப்பது ஆகியவற்றுக்கு அப்புச்சியும் அம்மிச்சியும் எங்களுக்குப் பதிலாகச் சம்மதிக்கலாம், பெரிய ஆபரேசன் என்றால் எங்கள் இருவரில் ஒருவரிடம் போனில் கேட்ட பிறகு. கீழே எங்கள் இரண்டு எண்கள், பையனின் ரத்த வகை, அவனுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, நால்வரின் ஆதார் நகல். ஈரோட்டில் ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். நோட்டரி கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனால் சிவப்பு முத்திரைக்குக் கவுன்டரில் ஒரு மரியாதை இருக்கிறது, அது நமக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும். இனி வருசா வருசம் ஜூன் மாதத்தில் தேதியை மாற்றிப் புதிதாக எழுதுவதென்று வைத்திருக்கிறோம். பழைய தேதிக் கடிதத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இந்தக் கடிதம் புதிய அதிகாரம் எதையும் படைப்பதில்லை. 27ஆம் பிரிவு சொல்லும் "பொறுப்பில் வைத்திருப்பவர்" யார் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்பவர் இதைப் பார்த்த பிறகும் சொல்லலாம். இருந்தாலும் மூன்றில் செலவுக்கும் பலனுக்கும் ஏற்றது இதுதான் என்பது என் கணக்கு. விடுதிப் பிள்ளைக்கும் இதையே வார்டன் பெயருக்கு எழுதலாம். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மருத்துவச் சம்மதம் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும், அதில் எதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். காப்பாளரின் கையெழுத்து "குழந்தையின் நன்மைக்கு" மட்டும்தான் செல்லும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் ஆதாரில் வயதை மாற்றிக் காட்டி, பெற்ற தாயே கருமுட்டை கொடுக்கவைத்த வழக்கு ஊரையே உலுக்கியது. கருமுட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை என்று செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. அங்கே தாய் சம்மதித்தாலும் தகப்பன் சம்மதித்தாலும் காகிதத்துக்குச் சமம். மேஜர்களுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னி கொடுத்த செய்தி 2025இல் மறுபடியும் எழுந்தது. தானாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பணத்துக்குக் கொடுத்தால் அது 1994ஆம் வருசத்து உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 18க்குக் கீழே இருப்பவரிடம் உயிரோடு இருக்கும்போது உறுப்பு எடுக்க, அரசின் முன் அனுமதியோடு மிக அரிதான மருத்துவக் காரணங்களுக்குத் தவிர, அந்தச் சட்டம் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது.

பதினேழே முக்கால்

மகள் நாமக்கல் பக்கம் விடுதியில் பிளஸ் டூ படிக்கிறாள். அடிக்கடி டான்சில் வீங்கும். எடுத்துவிடலாம், ஆனால் அவசரமில்லை என்றார் காது மூக்குத் தொண்டை டாக்டர். அரையாண்டு விடுமுறையில் என் கையெழுத்தில் செய்வதா, பொதுத்தேர்வு முடிந்து ஜூனில் 18 ஆனதும் அவளே கையெழுத்துப் போட்டுச் செய்வதா?

சட்டப்படி முதல் வழியில் ஒரு தடையும் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் என் கையெழுத்துச் செல்லும். இங்கிலாந்தில் 16 வயதிலேயே தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம், அதற்குக் கீழேயும் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் போதும் என்று 1985இல் கில்லிக் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு "பக்குவப்பட்ட மைனர்" கொள்கை இல்லை. அவளிடம் கேட்டேன். "தேர்வுக்கு முன்னாடி வேண்டாம்மா, ரெண்டு வாரம் தொண்டை வலியோட என்னால படிக்க முடியாது" என்றாள். ஜூன் என்று முடிவாகிவிட்டது. காய்ச்சலோடு மாதம் இரண்டு முறை வந்துகொண்டிருந்தால் அரையாண்டிலேயே செய்திருப்பேன். யார் கையெழுத்து என்பதைவிட டாக்டர் சொல்லும் அவசரம்தான் இங்கே எடை தூக்க வேண்டும்.

இந்த வயதில் பிள்ளைகள் நம்மிடம் சொல்லாமல் டாக்டரைப் பார்க்க நினைக்கும் விசயங்களும் உண்டு. அங்கே வழிகள் குறைவு. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டியின்படி மைனருக்கு ஆன்லைன் ஆலோசனை என்றால் அடையாளம் காட்டக்கூடிய பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். மனநலச் சிகிச்சைக்கு ஆசுபத்திரியில் சேர்ப்பதென்றால் 2017ஆம் வருசத்து மனநலச் சட்டப்படி பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், கூடவே தங்கவும் வேண்டும். ஆனால் மனசு சரியில்லை என்று 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ 104 மருத்துவ உதவி எண்ணையோ கூப்பிட யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. அந்த இரண்டு எண்களையும் மகளின் போனில் நானே பதிந்து கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா இருக்கட்டும் என்றேன்.

கர்ப்பம் என்றால் கணக்கே வேறு. 18க்குக் கீழ் என்றால் கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். கல்யாணம் ஆகியிருந்தாலும் 17 வயது 17 வயதுதான். ஆனால் 1971ஆம் வருசத்து அந்தச் சட்டம் காப்பாளர் என்பதற்கு "மைனரைப் பராமரிப்பில் வைத்திருப்பவர்" என்று விரிவாகப் பொருள் சொல்வதால் அம்மிச்சியும் அதில் அடங்குவார். போக்சோ சட்டம் இருப்பதால் டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்தப் பயத்திலேயே பல குடும்பங்கள் மருந்துக்கடை மாத்திரை, நாட்டு மருந்து என்று ஆபத்தான வழியில் போய்விடுகின்றன. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது பரவலாகத் தெரிய வேண்டும்.

மேஜர் ஆன பிறகும்

பையன் பிறந்தபோது சிசேரியன். அதோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனும் செய்துகொள்ள முடிவு செய்திருந்தோம். நான் நன்றாக விழித்துக்கொண்டு, ட்ரிப்ஸ் ஏறாத கையில் பேனாவோடு படுத்திருக்கிறேன். படிவம் என்னைத் தாண்டி வீட்டுக்காரரிடம் போனது. "புருசன் போட்டாத்தாங்க." அப்போது எனக்கு 28 வயது, மாதம் கோடிக்கணக்கில் ஆர்டர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பதில் இருக்கிறது. 2002ஆம் வருசத்து மருத்துவர் நடத்தை விதிகளில் ஒரு வரி, கருத்தரிக்கும் திறனை இழக்கச் செய்யக்கூடிய ஆபரேசனுக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. மத்திய சுகாதாரத் துறையின் கருத்தடை வழிகாட்டியோ, செய்துகொள்பவர் சம்மதம் போதும், துணையின் கையெழுத்து வேண்டியதில்லை என்கிறது. இரண்டும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. அரசு ஆசுபத்திரியில் இந்த இரண்டாவது தாளைக் காட்டிப் பேசலாம். தனியாரில் அவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்வார்கள். கருக்கலைப்பில் இந்தக் குழப்பம் கிடையாது. மேஜர் பெண் என்றால் அவள் சம்மதம் மட்டுமே போதும், கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்பதே இல்லை.

மற்ற ஆபரேசன்களுக்கு? அட்டெண்டர், அதாவது நோயாளியோடு கூட வந்தவர், கையெழுத்து என்று கேட்பது ஆசுபத்திரியின் தற்காப்பு. நினைவோடும் தெளிவோடும் இருக்கும் மேஜருக்காக வேறு யாரும் சம்மதிக்க முடியாது என்பதற்கு 2008 சமீரா கோலி தீர்ப்பைச் சொல்ல வேண்டும். டெல்லியில் 44 வயதுப் பெண், திருமணம் ஆகாதவர். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த அவரது தாயிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம், உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, தாயின் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நஷ்டஈடு என்னவோ 25,000 ரூபாய்தான்.

அதனால் என் பழக்கம் இப்போது இது: படிவத்தில் "நோயாளி" என்ற இடத்தில் முதலில் நானே போடுகிறேன், "உறவினர்" இடத்தில் வீட்டுக்காரர் சாட்சியாக மட்டும். "தேவைப்பட்டால் வேறு எந்தச் சிகிச்சையும்" என்று அச்சடித்த வரி இருந்தால் அடித்துவிட்டு, என்னென்ன என்று எழுதச் சொல்கிறேன். எச்ஐவி பரிசோதனைக்குத் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2017ஆம் வருசத்துச் சட்டம், ஆபரேசனுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து அதையும் சத்தமில்லாமல் எடுப்பதுதான் நடப்பு. அதே சட்டத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. எச்ஐவியால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திவரும், பக்குவமுள்ள 12 வயதுப் பிள்ளைகூடத் தன் தம்பி தங்கையின் சிகிச்சைக்குக் காப்பாளராக இருக்கலாம். 18 என்ற சுவரில் நான் பார்த்த ஒரே திட்டிவாசல்.

அப்பாவின் காகிதம்

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் பக்கவாதம் வந்து வென்டிலேட்டரில் கிடந்தார். மூன்று மகன்கள். ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார், ஒருவர் கோயமுத்தூருக்கு மாற்றலாம் என்றார், மூன்றாமவர் யார் பக்கமும் பேசாமல் பில் கட்டினார். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "எனக்கு இப்படி ஆனா யாரு சொல்றது?" என்றார். தம்பி பெங்களூரில். அக்கா தாராபுரத்தில். நான் திருப்பூரில்.

தம்பி உடனே, "பவர் எழுதி வாங்கிரலாம்" என்றான். பவர் என்றாலே எங்கள் பக்கம் பூமி விசயம்தான் ஞாபகம் வரும். அம்மா முகம் சுருங்கியது. பூமியை விட்டுத் தள்ளுங்கள், சிகிச்சைக்கே அது உதவாது. ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுப்படி எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். எப்போது வேண்டுமோ அப்போது சரியாகச் செத்துவிடும் காகிதம் அது. ஏற்கெனவே நினைவிழந்துவிட்டவருக்குக் காப்பாளர் வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும்.

எதுவும் எழுதாமல் விட்டால் என்ன? அப்போதும் வழி இருக்கிறது. மீள வாய்ப்பில்லாத நிலையில் நெருங்கிய உறவினர்கள் சம்மதித்து, இரண்டு டாக்டர் குழுக்கள் ஒப்புக்கொண்டால் கருவிகளை நிறுத்தலாம். உறவினர்கள் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதுதான் சிக்கல். மூன்று மகன்கள் கதையைச் சொன்னேனே.

மீதி இருந்தது வாழ்நாள் உயில் என்று சொல்லப்படும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவு. 2018இல் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது, யாரும் பக்கத்தில் போகவில்லை. 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கினார்கள். இப்போது தெளிவான மனநிலையில் உள்ள மேஜர் யாரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் ஆபீசரிடமோ அத்தாட்சி வாங்கினால் போதும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுத வேண்டும். தான் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்று ஒருவரையோ பலரையோ பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு பிரதி குடும்ப டாக்டருக்கு, ஒரு பிரதி உள்ளாட்சியில் இதற்கென்று உள்ள அதிகாரிக்கு. அமலுக்கு வரும்போது சிகிச்சை தரும் ஆசுபத்திரியின் குழு ஒன்று, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர் இருக்கும் குழு ஒன்று, இரண்டும் பார்த்து முடிவு செய்யும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். ஆக, கையெழுத்துப் போட்ட மறுநாளே யாரும் குழாயைப் பிடுங்கிவிட முடியாது. அப்பாவின் முதல் கேள்வியே அதுதான்.

இதில் குறையும் உண்டு. குணமாக முடியாத நிலைக்குத்தான் இது. மயக்கத்தில் இருக்கும்போது இடுப்பெலும்பு ஆபரேசனுக்கு யார் சம்மதிப்பது என்ற சாதாரணக் கேள்விக்கு இது பதில் சொல்லாது, அங்கே பழையபடி உறவினர் கையெழுத்துத்தான். மனநலச் சிகிச்சைக்குத் தனியாக ஒரு பிரதிநிதியைக் குறிக்கலாம். வெறும் வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போதும், ஆனால் அதுவும் மனநலச் சிகிச்சைக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே காகிதம் என்று ஒன்று நம் நாட்டில் இன்னும் வரவில்லை. இருந்தாலும் அண்ணன் தம்பிச் சண்டையைத் தடுக்க இதைவிட நல்லது என் கண்ணில் படவில்லை.

தை மாதம் ஈரோட்டில், பையனுக்குக் கடிதம் வாங்கிய அதே நோட்டரி அலுவலகம். சாட்சிக்கு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், பால் சொசைட்டிக்காரர் ஒருவர், இருவரும் சொந்தம் இல்லை. பேசவேண்டியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருப்பவள் நான், வாராவாரம் போய்ப் பார்ப்பவள் நான். அப்பா அக்கா பெயரைச் சொன்னார். நோட்டரி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காதே கண்ணு. அன்னைக்கு ஆசுபத்திரியில நாலு எடத்துல படிக்காம போட்டியல்லோ, நான் பாத்துட்டுத்தான் இருந்தன். உன்ற அக்காளா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஏனுங்க எதுக்குங்கன்னு சண்டை போடுவா."

இரண்டாவது பெயராக என்னை எழுதினார்கள்.